குழவியைப் பேணுங் கடன் யாருடையது?

குச்சனூர்ச் சனீசுவரர் திருக்கோயிலைச் சூழ்ந்த வயல்களில் நாற்று நடுவோர் பெரும்பாலும் பெண்டிரே. வரப்பு மரத்தில் தூளி கட்டிக் குழவியைக் கிடத்தி, மூத்த சிறுமியைக் காவல் வைத்து, தாய் சேற்றில் இறங்குதல் அந்நாட்டிற் பழைய வழக்கம். அச்சிறுமி இழந்த பாடம் எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

உழைக்குந் தாயரின் மக்களை அரசு தன் பொருள் கொண்டு பேணல் வேண்டுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. தாயின் கடனைப் பிறர் ஏற்பின் தாய்மை குன்றும் என்பார் ஒருசாரார். காவிரி வெள்ளத்தால் தாய் வரமாட்டாதுபோக, திரிசிராப்பள்ளியிற் கருவுயிர்க்கும் மகளுக்கு இறைவனே தாயுருக்கொண்டு பணிபுரிந்தான் என்பது தலவரலாறு. வெள்ளம் வடிந்தபின் வந்த தாய்க்கு அதனால் நேர்ந்த குறை யாது? வறுமையும் ஒரு வெள்ளமே.

வறியோர் மக்களை மட்டும் பேணின் அமையும் என்பார் மற்றொரு சாரார். பெற்றோர் வருவாயை அளந்து குழவியைத் தள்ளுதல், அது செய்யாத ஒன்றற்கு அதனை ஒறுத்தலாம். 1982 சூலை 1ஆம் நாள் தமிழகத்தில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் வருவாய் வினவாமலே பிள்ளைகளைப் பந்தியில் அமர்த்திற்று. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியை ஆறு அகவைக்குட்பட்ட எல்லாக் குழந்தைகட்கும் விரிக்குமாறு உச்சநீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. ஆயினும் மூன்று அகவை நிரம்பாதார்க்குப் பெரும்பாலும் கிடைப்பது வீட்டிற்குக் கொண்டுசெல்லும் சத்துமாவே. பகலிற் பார்த்துக்கொள்ளும் கைகள் அல்ல.

சட்டங்களோ குழந்தைக் காப்பகத்தைத் தாயின் முதலாளியோடு பிணைத்தன. ஐம்பது பெண்கள் உழைக்குந் தோட்டத்திற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டமும், ஐம்பதின்மர் பணிபுரியும் நிறுவனத்திற்கு 2017ஆம் ஆண்டுத் திருத்தமும் அதனை விதித்தன. இன்று ஒருவர் வயல், நாளை மற்றொருவர் வயல் என நடவுக்குச் செல்பவளுக்கு முதலாளி யார்? உரிமை குழவியினுடையதாயின், கடன் அரசினுடையதாதல் வேண்டும். 2022இல் வந்த ‘பால்னா’ திட்டம் அங்கன்வாடியையே காப்பகமாக்க முற்பட்டது நன்றே. ஆனால் குழவி பேணுதலைத் தெய்வப்பணி எனப் புகழும் அரசுகள், அங்கன்வாடிப் பணியாளர்க்கு ஊதியம் என்னாது மதிப்பூதியம் என்றே ஈந்துவருதல் வியப்பிற்குரியது.

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பொழுது புலருமுன் ஜீப்பேறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்கட்குச் செல்லும் பெண்டிர் பலர். அவர் புறப்படும்போது அங்கன்வாடி திறந்திராது, மீளும்போது அடைத்திருக்கும்.