மேசையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதமா?

போன வருஷம் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா ஒரு கப்பல் பயணத்துக்குச் சீட்டு எடுத்தாள். நான்கு இரவு. சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்குவது. மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஆகவே அம்மா, அக்கா, நான். கிளம்பும் தேதியைச் சொன்னதும் அம்மா எழுந்துபோய்ப் பார்த்தது சுவரில் தொங்கும் காலண்டரை. "மூணாம் நாள் அமாவாசை வருதேடா" என்றாள்.

எங்கள் ஊர் மேல்மலையனூருக்குப் பக்கம். அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சலைப் பார்க்காமல் அம்மா இருந்த மாதங்கள் குறைவு. நாங்கள் பிறந்த மாதங்கள், அப்பா போன மாதம், கொரோனா சமயம். அக்காவுக்காக இந்த ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தாள்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது அக்காவிடமிருந்து வாட்ஸாப் வந்தது. "கப்பல் ஆப்பை இறக்கிக்கோ. சாப்பாட்டுக்கு இப்பவே புக் பண்ணணும், அப்புறம் நல்ல டைமெல்லாம் போயிடும்." நான் அப்போது ஊரில்தான் இருந்தேன். திண்ணையில் அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"எந்த ஓட்டல்ல சாப்பிடலாம்மா? சைனீஸ் இருக்கு, இத்தாலி இருக்கு, நம்ம சாப்பாடும் இருக்கு."

"எது இருக்கோ அதச் சாப்ட்டுக்கறேன்."

"எத்தன மணிக்கு?"

"நீங்கள்லாம் சாப்ட்டதுக்கு அப்புறம்."

சிரித்துவிட்டு நானே ஒவ்வொன்றாக நிரப்பினேன். தேதி, உணவகம், நேரம், எத்தனை பேர். கடைசியாக ஒரு கேள்வி இருந்தது: மற்றவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதமா? அம்மாவைக் கேட்கவில்லை. யோசிக்கவும் இல்லை. 'இல்லை' என்பதைத் தொட்டேன்.

அந்த 'இல்லை'யைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கப்பல் சாப்பாடு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய உல்லாசக் கப்பல்களில் ராத்திரிச் சாப்பாடு நம் கல்யாண வீடு மாதிரிதான், இரண்டு பந்தி. ஆறு மணி வாக்கில் ஒன்று, எட்டரை வாக்கில் ஒன்று. ஏறும்போதே உங்கள் மேசை எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். ஆறு, எட்டு, பத்து நாற்காலி போட்ட மேசை. உங்களோடு உட்காரப்போவது யார் என்று முதல்நாள் ராத்திரிதான் தெரியும். பயணம் முடியும்வரை அதே ஆட்கள், அதே பரிமாறுபவர். 2000-ல் நார்வேஜியன் குரூயிஸ் லைன் இதை மாற்றி 'ஃப்ரீஸ்டைல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டியவர்களோடு சாப்பிடலாம். மற்றக் கம்பெனிகளும் ஆளுக்கொரு பெயர் வைத்துப் பின்தொடர்ந்தன. இன்றைக்குப் பெரிய கப்பல்களில் டிக்கெட்டோடு சேர்ந்த பொதுக்கூடம், பஃபே போக, தனிக்காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன.

சௌகரியம்தான். ஆனால் இந்த சௌகரியத்துக்கு வேலை அதிகம். எல்லாரும் ஏழு மணிக்குச் சாப்பிட ஆசைப்படுவதால் ஏழு மணிதான் முதலில் தீரும். அசந்துவிட்டால் ஐந்தரையோ ஒன்பதேகாலோ மிஞ்சும். எட்டு மணிக்கு நாடகம் என்றால் சாப்பாட்டை அதற்குள் முடிக்க வேண்டும். கரையில் இறங்கிச் சுற்றிவிட்டு எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும். மென்பொருள்காரன் புத்தி, நான்கு இரவுக்கும் எக்செல் போட்டேன். அக்காவுக்கு அனுப்பினேன். அவள் அதில் இரண்டு திருத்தம் சொன்னாள். கடலைப் பார்க்கப் போகிறோம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

இதை ஒரு கம்பெனி எல்லைவரை இழுத்துப் பார்த்தது. ராயல் கரீபியன் 2014-ல் 'குவாண்டம் ஆஃப் த சீஸ்' என்ற கப்பலை விட்டபோது, பொது உணவுக்கூடம் என்ற ஒன்றையே எடுத்துவிட்டு, கிராண்ட், சில்க், சிக், அமெரிக்கன் ஐகான் கிரில் என்று நான்கு உணவகங்களாகப் பிரித்தது. 'டைனமிக் டைனிங்' என்று பெயர். தினம் ஓரிடம், தினம் ஒரு முன்பதிவு. பயணிகள் வரிசையில் நின்றார்கள், எரிச்சலானார்கள். நேற்றுப் பரிமாறியவர் இன்று இல்லையே என்று குறைப்பட்டார்கள். கம்பெனி முதலில் அதே பரிமாறுபவர்களோடு நான்கு இடத்துக்கும் சுற்றிவரும் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது, கொஞ்ச காலத்தில் மொத்தத் திட்டத்தையும் கைவிட்டுப் பழையபடி பந்திக்கே திரும்பியது.

இந்த இடத்தில் ஒரு கட்டுரை தயாராகக் காத்திருக்கிறது, நீங்களும் ஊகித்திருப்பீர்கள். தேர்வு மனிதனைக் களைப்பாக்குகிறது, நம் முன்னோர் வாழையிலை போட்டு ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள், எவ்வளவு அழகு. நானே அதை மனசுக்குள் பாதி எழுதிவிட்டேன். "நீங்கள்லாம் சாப்ட்டதுக்கு அப்புறம்" என்ற பதில்தான் குறுக்கே வந்து நின்றது.

பந்தி அழகு என்று சொல்வது பெரும்பாலும் முதல் பந்தியில் உட்கார்ந்தவன். அம்மா பிறந்ததிலிருந்து கடைசிப் பந்திதான். கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், எதுவானாலும் பரிமாறிவிட்டு, பாத்திரத்தின் அடியைச் சுரண்டி, அடுப்படி ஓரம் உட்கார்ந்து சாப்பிடுவாள். எது வேணும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வராது என்பது திண்ணையில்தான் எனக்கே தெரிந்தது. அப்படிப்பட்டவள் பெயரில் ஏழேகால் மணிக்கு ஜன்னலோர மேசை ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

அடுப்படி ஓரமாவது வீட்டுக்குள் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்களில் பந்திக்கே வர முடியாமல் வெளியே நின்றவர்கள் உண்டு. எங்கள் நிலத்தில் மல்லாட்டை பறிக்க வரும் ஓர் அக்காவுக்கு எங்கள் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருக்கும். அவங்களே எடுத்து, சாப்பிட்டு, கழுவி, அங்கேயே செருகிவிட்டுப் போவார்கள். கூரையில் தட்டு செருகியிருப்பது விசித்திரம் என்று தெரிய நான் காலேஜுக்குப் போக வேண்டியிருந்தது. தெரிந்த பிறகும் அந்தத் தட்டை நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை. கொட்டகையைப் பிரித்தபோது அது தானாகக் காணாமல்போனது.

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மாநிலத்தின் அரசியலைத் திருப்பிப் போட்டதும் ஒரு சாப்பாட்டு வரிசைதான். வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காங்கிரஸ் பணத்தில் நடக்கும் பள்ளியில் இதற்கு இடம் உண்டா என்று கேட்டார்கள். விவகாரம் காந்திவரை போனது. 1925 முடிவதற்குள் பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறிவிட்டார். வெளியேறியதற்கு இது ஒன்றே காரணம் இல்லைதான். தனிச் சாப்பாட்டுக்கு அப்போது சொல்லப்பட்ட சமாதானம் என்ன தெரியுமா? அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் விருப்பம்.

விருப்பம். என் ஆப்பிலும் அந்தப் பக்கத்துக்கு அதுதான் தலைப்பு, உங்கள் விருப்பங்கள். இரண்டையும் ஒன்று என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், வரலாம். நான் 'இல்லை' என்றது அந்நியர்களோடு மூன்று நாள் சிரித்துப் பேசவேண்டிய அலுப்பில்தான். அலுப்புக்கும் தீண்டாமைக்கும் வித்தியாசம் இருக்கிறது. யாரையும் கீழே என்று நினைத்து நான் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. ஆனால் யாரோடு சாப்பிட மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் பேரிடம்தான் இருந்தது. அந்தக் கொஞ்சம் பேரில் என் வீடும் உண்டு. அது இப்போது காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிறது என்பதை முன்னேற்றம் என்றும் சொல்லலாம். கூரைத் தட்டுக்குச் சொந்தமான அக்காவின் மகள் நாளைக்கு இதே கப்பலில் ஏறி, எனக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று 'இல்லை'யைத் தொடலாம். தொட்டால் நான் சந்தோஷப்பட வேண்டியவன். இருந்தாலும் என் விரல் ஏன் அவ்வளவு சீக்கிரம் போனது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. யோசிக்காமல் செய்வதெல்லாம் பழகினவைதானே.

அம்மா விஷயம் இன்னும் சிக்கல். அமாவாசை ராத்திரி மலையனூரில் அவளைப் பார்க்க வேண்டும். செஞ்சி, திருவண்ணாமலை, சென்னை, பெங்களூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் பஸ் வந்து ஜனத்தைக் கொட்டும். கோயிலைச் சுற்றி வெறுந்தரையில் துண்டு விரித்துப் படுத்திருப்பார்கள். அங்கே பூசை செய்வது பர்வதராஜ குலத்தார், மீன்பிடி மரபில் வந்தவர்கள். கும்பிட வருபவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. அம்மா ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவாள். பக்கத்தில் படுத்திருக்கும் குடும்பம் எந்த ஊர், என்ன ஆளுங்க, எதுவும் கேட்காமல் இலையைக் கிழித்து நீட்டுவாள். அவர்கள் கொடுப்பதை வாங்கியும் சாப்பிடுவாள். விடிந்து ஊர் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால் கூரையில் தட்டு இருக்கும்.

தெரியாதவர்களோடு சாப்பிடுவது அம்மாவுக்கு எளிது. தெரிந்தவர்களோடுதான் முடியாது. இதை நான் நேராகக் கேட்டதில்லை. ஒருமுறை சுற்றி வளைத்துக் கேட்டபோது, "அவ எல்லையில என்னடா இருக்கு" என்றாள், அம்மனைச் சொல்கிறாள். அந்த ஊரின் கதையும் சோற்றுக் கதைதான். பிரம்மாவின் தலையைக் கிள்ளிய பாவத்தில் கபாலம் சிவன் கையிலேயே ஒட்டிக்கொண்டது. விழுகிற பிச்சையையெல்லாம் அதுவே தின்றுவிடும், சிவனுக்குப் பட்டினி. மலையனூரில் அம்மன் இரண்டு கவளத்தைக் கபாலத்தில் போட்டு, மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். சோற்று ஆசையில் கபாலம் கீழே இறங்கியது, காலால் மிதித்துக்கொண்டாள். தரையில் இறைத்த சோற்றால் பாவம் தீர்ந்த ஊரில் இலையைப் பார்த்து ஒதுங்குவது அம்மாவுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். அந்தக் கூச்சம் எல்லையைத் தாண்டி வராது, அவ்வளவுதான்.

கப்பலும் ஒரு காலத்தில் அப்படி ஓர் எல்லையாக இருந்திருக்கிறது. 1860-ல் சென்னையிலிருந்து தர்பனுக்குப் போன ட்ரூரோ போல, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் எத்தனையோ. அவற்றில் யாருக்கும் தனி அடுப்பு கிடையாது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று ஊரில் பயமுறுத்தியதில் இந்தச் சோற்றுக்கும் பங்கு உண்டு. வடக்கிலிருந்து போனவர்கள் ஒரே கப்பலில் வந்தவரை 'ஜஹாஜி பாய்' என்று அழைத்தார்கள், கப்பல் அண்ணன் தம்பி. அந்த உறவைச் சொந்த ரத்தம் போலவே காத்தார்கள். யாரும் விரும்பிச் செய்ததல்ல அது. இடம் இல்லாததால் நடந்தது. நல்லது ஒன்று கட்டாயத்தால் நடந்தால் அதை எவ்வளவு மதிக்கலாம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கட்டாயத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதையும் சேர்த்தல்லவா மதிக்க வேண்டும்.

எங்கள் கப்பலில் முதல் இரண்டு ராத்திரியும் எக்செல்படியே போயிற்று. மூன்று பேர் மேசை. அம்மா எங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டு, நாங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பகலெல்லாம் விரதம். சாயங்காலம் மேல்தளத்தில் நின்றபோது, "இங்க எல்லாரும் தனித்தனியாவே குந்தியிருக்காங்களே, ஏன்டா?" என்று கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. போனை எடுத்து அந்த ராத்திரிக்கான பதிவை மாற்றினேன். 'சம்மதம்.'

ஆறு பேர் மேசை. எதிரே ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு பெரியவர், அவர் மனைவி, பேத்தி. பெரியவரின் அப்பா காலத்திலேயே மலாயாவுக்கு வந்துவிட்டார்களாம். அம்மா அமாவாசை என்று சொன்னதும் அந்த அம்மாவும் தான் சைவம்தான் என்றார். இரண்டு பேரும் ஒரே பருப்பு சூப்பைச் சொல்லி, ஒரே மாதிரி முகம் சுளித்து, உப்பு கேட்டு வாங்கினார்கள். தன் தட்டிலிருந்த ரொட்டியை அம்மா பிய்த்துப் பேத்தியின் தட்டில் வைத்தாள். நான்கு நாளில் அம்மா சத்தமாகச் சிரித்தது அந்த மேசையில்தான். "இன்னும் ஊஞ்சலுக்கு நேரமிருக்கு, நமக்குத்தான் கடியாரம் ரெண்டரை மணி முன்னால ஓடுது" என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் கேட்டார். "ஊர்ல எந்தப் பக்கம்?"

"செஞ்சிக்கு இந்தண்ட. மலையனூர்."

"ஆங், தென்னாற்காடு." அவருக்கு ஜில்லாவின் பழைய பெயர்தான் தெரிந்திருந்தது. கரண்டியைக் கீழே வைத்தார். நல்ல முகம், பிரியமாகத்தான் கேட்டார். "அந்தப் பக்கம் நீங்க என்ன ஆளுங்கம்மா?"

பேத்தி "தாத்தா" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். பரிமாறும் பெண் எதுவும் புரியாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அம்மா அவர் தட்டைப் பார்த்தாள். "சாப்பிடுங்க, ஆறிடப் போவுது" என்றாள்.

அவர் கரண்டியை எடுத்துக்கொண்டார். மறுபடி கேட்கவில்லை. அறைக்குத் திரும்பும் வழியில், ஏம்மா சொல்லல என்று கேட்டேன். அம்மா மணி கேட்டாள். பத்து என்றேன். அப்படின்னா அங்க ஏழரை, இப்பதான் பஸ்ஸெல்லாம் வந்துகிட்டிருக்கும் என்றாள்.

போனில் நாளைய மேசைக்கான கேள்வி வந்திருந்தது. அம்மாவிடம் நீட்டினேன். "நீயே பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.