அடுத்த இலை

உணவைப் பற்றி நண்பர்கள் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சு எப்படியும் கடவுளிடம் போய்த்தான் நிற்கும். இது என் நெடுநாள் அனுபவம். ‘இதை நீ சாப்பிடுவாயா?’ என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்பார். ‘சீச்சீ!’ என்பார் இன்னொருவர். ஏன் என்று கேட்டால் முதலில் வழக்கத்தைச் சொல்வார்; அது போதாது என்று தோன்றினால் ஆரோக்கியத்தைச் சொல்வார்; அதுவும் செல்லாதபோது தெய்வத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்வார். நாக்கு எழுதிய தீர்ப்புக்கு ஆண்டவன் கையெழுத்துப் போட வேண்டும்! சென்ற ஐப்பசியில் ரெட்டிபாளையத்தில் நானும் அப்படியொரு கையெழுத்தைத் திருடினேன். அதைச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

அரியலூர்ப் பக்கத்தில் ரெட்டிபாளையம் என்றால் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் உலவிய காலத்தில், அந்த வட்டாரம் கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் இன்று கல்லாகி மண்ணுக்குள் கிடக்கின்றன. என் நண்பர் சுரங்க அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். அவர் வீட்டுத் திண்ணையில், காற்றில் காகிதம் பறக்காமலிருக்க அவர் வைத்திருப்பதே ஒரு கல் நத்தைதான். ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல் சுருண்டிருக்கும்.

அன்று மழை விட்டிருந்தது. மின்சாரம் போய்விட்டது. திண்ணையில் நாங்கள் நால்வர். வீட்டுக்காரரான கணக்கர், ஒரு தமிழாசிரியர், ஏலாக்குறிச்சியிலிருந்து வந்திருந்த ஒரு கிறிஸ்தவ நண்பர், நான். நடுவில் வெற்றிலைத் தட்டு.

பேச்சை ஆரம்பித்தவர் கணக்கர். ஒரிசாவில் மயூர்பஞ்ச் காடுகளில் சிவப்பு எறும்பை அரைத்துத் துவையல் செய்கிறார்களாம். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்தத் துவையலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டதாம்.

“மணப்பாறை முறுக்குக்குக் கிடைத்த அதே மரியாதை!” என்றார் சிரித்துக்கொண்டே.

“எறும்புக்கே இப்படி அதிசயப்பட்டால் எப்படி?” என்றார் ஏலாக்குறிச்சிக்காரர். “எங்கள் வேதத்தில் ஸ்நாபக யோவான் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் சாப்பிட்டுத்தான் வனாந்தரத்தில் வாழ்ந்தார். பன்றியைத் தள்ளி வைத்த மோசேயின் சட்டம் வெட்டுக்கிளியை அனுமதித்திருக்கிறது. இஸ்லாத்திலும் அது ஆகும்.”

தமிழாசிரியர் பரம்பரைச் சைவர். முட்டை சேர்ந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். அவர் நிதானமாக வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, “அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? புறநானூற்றில் பாரியின் பறம்பு நாட்டைப் பாடுகிற கபிலர், புற்றிலிருந்து வரும் ஈசலை மோரில் புளிக்கச் சமைத்த உணவை அந்த நாட்டின் வளமாகச் சொல்கிறார். அந்தணன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் அவர். அருவருப்பு என்ற பேச்சே அங்கே இல்லை” என்றார்.

“கபிலர் இருக்கட்டும். பரம சைவரான நீங்கள் இப்போது வெற்றிலையில் தடவுகிறீர்களே, அது என்ன?” என்று கேட்டார் ஏலாக்குறிச்சிக்காரர்.

“சுண்ணாம்பு.”

“எந்தச் சுண்ணாம்பு?”

“கிளிஞ்சல் சுண்ணாம்பு” என்று சொன்ன ஆசிரியர் சிரித்துவிட்டார். கிளிஞ்சல் என்பது ஓர் உயிரின் ஓடல்லவா? பிறகு அவரே அந்தக் கல் நத்தையைக் கையில் எடுத்தார். “இது போகட்டும், இதைப் பாருங்கள். கண்டகி நதியில் இந்த ஜாதிப் பிராணியின் சுவடுள்ள கல் கிடைத்தால் அது சாளக்கிராமம். அதற்குத் திருமஞ்சனம் செய்து அந்தத் தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பிராணி நூல் படித்தவர்களைக் கேட்டால், இது கணவாய் மீனுக்கு உறவு என்பார்கள். இங்கே அகப்பட்டால் சிமெண்டுக்குப் போகிறது, இல்லையென்றால் காகிதத்தின்மேல் உட்காருகிறது” என்றார்.

எல்லோரும் ரசித்தோம். நானும் என் பங்குக்கு, உணவிலே உயர்வு தாழ்வு கற்பிப்பது மனிதனின் அறியாமை என்று ஒரு சிறிய பிரசங்கமே செய்தேன். நாவலாசிரியனுக்குப் பிரசங்கம் சுலபம்.

அந்தச் சமயத்தில்தான் ஆயா வந்தாள். பக்கத்துத் தெருவில் இருப்பவள்; கணக்கர் வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்கிறவள். கையில் ஓர் அலுமினியக் கிண்ணம். அதன்மேல் முந்தானையை மூடியிருந்தாள். திண்ணை ஓரத்தில் நின்று திறந்து காட்டினாள். இறகு நீக்கி, புடைத்து, அரிசியோடு சேர்த்து உப்புப் போட்டு வறுத்த ஈசல். சூடு இன்னும் ஆறவில்லை.

“பட்டணத்துத் தம்பி வந்திருக்காங்கன்னு சொன்னாங்க. இந்தா, எடுத்துக்க சாமி” என்று முதலில் என்னிடம்தான் நீட்டினாள்.

வாசகர்களிடம் ஒளிக்க விரும்பவில்லை. என் வயிறு புரண்டது. அன்று மத்தியானம் அரியலூரில் மீன் குழம்பை விரல் சூப்பச் சாப்பிட்டவன் நான். இறாலை உரித்துத் தின்ன எனக்கு யோசனை வருவதில்லை. ஆனால் இந்தச் சின்னஞ்சிறு பூச்சியைப் பார்த்ததும் என் கை பின்னால் போய்விட்டது. அதைவிட வேகமாக வேலை செய்தது வாய். அன்று வெள்ளிக்கிழமை என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது.

“இன்னிக்கு எனக்கு விரதம், ஆயா” என்றேன்.

கிழவி பதறிப்போனாள். கிண்ணத்தை மறுபடியும் முந்தானையால் மூடிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஐயையோ, விரதக்காரரு முன்னால நீட்டிட்டேனே! தெரியாம செஞ்சிட்டேன் சாமி, மன்னிச்சுக்க” என்றாள். ஓரடி தள்ளியும் நின்றுகொண்டாள்.

அந்த ஓரடிதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. பொய் சொன்னவன் நான். கன்னத்தில் போட்டுக்கொண்டவள் அவள். தன் வீட்டில் உள்ளதில் நல்லதை எடுத்து வந்தவளை, பாவம் செய்துவிட்டதாக நினைக்கவைத்துவிட்டேன். நண்பர்கள் ஒன்றும் பேசவில்லை. கணக்கர் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும்தான் என்னோடு மீன் சாப்பிட்டிருந்தார்.

அந்த மௌனத்தை உடைத்தவர் தமிழாசிரியர். “ஆயா, நான் இதெல்லாம் சாப்பிடறதில்லேன்னு உனக்குத் தெரியும். ஆனா வாசனை நல்லா இருக்கே! எந்தப் புத்துல பிடிச்சே?” என்று கேட்டார். அவள் முகம் தெளிந்தது. திண்ணைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். மழை விட்ட இருட்டில் புற்றின் ஓரமாகக் குழி தோண்டி விளக்கு வைத்ததையும், வெளிச்சத்தைத் தேடி வந்து குழியில் விழுந்ததை அள்ளியதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். “நாகாத்தா இருக்கிற புத்துல கை வைக்க மாட்டோம் சாமி. அதுக்கு மஞ்சளும் பாலும்தான். இது வேற புத்து. அதுலயும் எல்லாத்தையும் அள்ளிட மாட்டோம். கொஞ்சம் பறந்து போனாத்தானே அடுத்த வருசம் புத்து இருக்கும்?” என்றாள். அவள் சொன்னது சரிதான். பறந்து தப்பி, தரையில் இறங்கி, இறகை உதிர்த்துவிட்டுப் புதுக் குடி தொடங்குவது அந்த ஈசல்தான்.

அவள் உணவில் வரம்பு இருந்தது, பக்தி இருந்தது, நாளைய நினைப்பும் இருந்தது. விரதம் என்று சொன்ன என் வாயில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆசிரியரும் உண்ணவில்லை, நானும் உண்ணவில்லை. அப்படியிருக்க வேற்றுமை எங்கே? அவருடைய மறுப்பு அவரோடு நின்றது. என்னுடையது அவள்மேல் போய் விழுந்தது. விரதம் என்பது மனிதன் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கட்டு. அருவருப்போ அடுத்தவன் இலையை எட்டிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. விரதம் இருப்பவன் எந்தத் திண்ணையிலும் உட்காரலாம். அருவருப்பு, எதிரில் இருப்பவரை ஓரடி தள்ளி நிற்கவைக்கிறது. நம் நாட்டில் அந்த ஓரடிக்கு எத்தனை நூற்றாண்டுச் சரித்திரம் உண்டு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியபுராணத்துக் கண்ணப்பர் கதை நினைவுக்கு வந்தது. வேடர் வாயிலிட்டுச் சுவை பார்த்த இறைச்சியைக் காளத்தியில் ஈசனுக்குப் படைக்கிறார். ஆகமப்படி பூசை செய்யும் சிவகோசரியார் அதைக் கண்டு துடிக்கிறார். நான் வெகு நாளாக அந்தப் பெரியவரை ஆசாரத்தில் ஊறிய அப்பாவியாகவே நினைத்திருந்தேன். ஆனால் இறைவன் அவரைக் கண்டிக்கவில்லை. இறைச்சி உண்ணச் சொல்லவும் இல்லை. கனவில் வந்து, மறைந்திருந்து பார் என்றுதான் சொல்கிறான். அவர் தம் ஆசாரத்தை விடவேண்டியதில்லை, பார்த்தால் போதும். தமிழாசிரியர் அன்று திண்ணையில் செய்தது அதுதான். ‘எந்தப் புத்துல பிடிச்சே?’ என்று கேட்பதற்கு அவர் எந்த விரதத்தையும் முறிக்க வேண்டியிருக்கவில்லை.

‘எல்லாவற்றையும் தின்றுபார்ப்பதுதான் பரந்த மனமா?’ என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பிடிக்காததை விழுங்கிக் காட்டுவதும் ஒருவகை நடிப்புத்தான். வேண்டாம் என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. அதைத் தன் பெயரில் சொல்லவேண்டும் என்பதுதான் என் கட்சி.

மறுநாள் காலை மாட்டுக் கொட்டிலுக்குப் போனேன். ஆயா சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஆயா, நேத்து எனக்கு விரதம் இல்லை. மத்தியானம் மீன் சாப்பிட்டேன். ஈசலைப் பார்த்ததும் என்னமோபோல் இருந்தது. அதனால் பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பொக்கை வாய் திறந்து சிரித்தாள்.

“புடிக்கலேன்னா புடிக்கலேன்னு சொல்லிட வேண்டியதுதானே தம்பி? அதுக்குப் போய்ச் சாமியை எதுக்கு இழுக்கிறே?”

“இப்போ கொஞ்சம் இருந்தால் கொடு, ஆயா” என்றேன்.

“இப்பவா? ராத்திரியே பேரப் புள்ளைங்க தின்னு தீத்துட்டுதுங்க. இனிமே அடுத்த மழைக்குத்தான்” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.