தாயின் கைத்தையல்

இல்லறத்தில் இருப்போர் அடிக்கடி ஓர் ஐயத்தை எழுப்புகின்றனர். குழந்தைகளைக் குளிப்பாட்டுவதும், ஊட்டுவதும், உடுத்துவதுமாகவே நாள் கழிந்துவிடுகிறது. தர்மத்தைப் பற்றிச் சிந்திக்க ஓய்வு எங்கே என்பது அவ்வையம். தர்மம் வேலை முடிந்த பின்பு தேடிச் செல்லும் பொருளன்று. செய்யும் வேலைக்குள்ளேயே அதைக் காணலாம் என்பதே நமது விடை. இதனை விளக்கும்பொருட்டு மிகச் சிறிய வேலை ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். அது, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு தாய் தன் குழந்தைக்குக் கையாலே சட்டை தைப்பதாகும்.

பகவன் புத்தர் கபிலவஸ்துவில் நிக்ரோதாராமத்தில் எழுந்தருளியிருந்தபோது, மகாபிரஜாபதி கோதமி புதிய வஸ்திரங்கள் இரண்டை ஏந்தி வந்தாள் என்று மஜ்ஜிம நிகாயத்தின் தக்கிணாவிபங்க சூத்திரம் கூறுகிறது. பெற்ற தாய் மாயாதேவி மறைந்த பின்னர்ச் சித்தார்த்தரைத் தன் பால் கொடுத்து வளர்த்தவள் இக்கோதமியே. அரசகுலத்தில் பிறந்த அவளுக்கு நெசவாளர் பலர் பணிபுரிந்திருப்பர். அவளோ தன் கையாலேயே நூற்று, தானே நெய்து, அதனைத் தன் மகனுக்கென்றே கொண்டு வந்தாள். பகவரோ அதனைச் சங்கத்துக்கு அளிக்குமாறு கூறினார். அவள் மும்முறை வேண்டினாள். மும்முறையும் அம்மறுமொழியே வந்தது. பால் கொடுத்து வளர்த்தவளின் பரிசன்றோ இது என்று ஆனந்தர் பரிந்து பேசினார். அப்போது பகவர், ஒருவரைக் கருதி அளிக்கும் தானத்தினும் சங்கம் முழுமையையும் கருதி அளிக்கும் தானம் உயர்ந்தது என்பதை விரித்துரைத்தார்.

இதனைத் தாயன்பைத் தள்ளிய செயலாகக் கொள்ளுதல் பிழையாகும். கோதமியின் அன்பு ஓர் உடலைச் சுற்றி நின்றது. பலரையும் போர்த்துமளவுக்கு அவ்வன்பைப் பகவர் அகலச் செய்தார். நூற்ற நூல் அதுவே. நெய்த கை அதுவே. அது சென்று சேரும் எல்லையே விரிந்தது. இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு நம் ஊர்களை நோக்குவோமாக.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சிற்றூர்கள் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்கும் ஊர்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி, உறவையும் பேச்சையும் பிரிக்கவில்லை. இத்தாலுகாவிலுள்ள பாலராமபுரத்தில் குழித்தறிகள் இன்றும் ஒலிக்கின்றன. பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து குடியேறிய சாலியர் வளர்த்த நெசவு அது. ஆகவே நல்ல பருத்தித்துணி இம்மண்ணுக்கு அயலானதன்று.

ஆயினும், துணி நெய்யப்பட்ட இதே நாட்டில் அதனை உடுத்தும் உரிமை எல்லோருக்கும் இருந்ததில்லை. பழைய திருவிதாங்கூரில், தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்கள் மேல்சாதியார் முன்னிலையில் மார்பை மறைத்தல் குற்றமெனக் கருதப்பட்டது. மிஷன் பெண்டிர் தைக்கக் கற்பித்த தளர்ந்த குப்பாயம் ஒன்றே பல குடும்பங்களுக்கு முதற் கவசமாயிற்று. அதனை அணிந்த பெண்கள் சந்தையிலும் சாலையிலும் தாக்கப்பட்டனர். அவர்தம் ஆடைகள் கிழிக்கப்பட்டன. தோள்சீலைக் கலகம் என்று சரித்திரம் கூறும் அப்போராட்டம் பல்லாண்டுகள் நீடித்தது. 1859 ஜூலை 26 அன்றுதான் சாணார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்னும் அரச விளம்பரம் வெளிவந்தது. அதிலுங்கூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற தடை நீங்கவில்லை.

குழந்தைகளின் நிலையும் இதனின் வேறன்று. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வெங்ஙானூரில் 1863-ஆம் ஆண்டில் பிறந்தவர் அய்யன்காளி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். தீண்டத்தகாதவள் அமர்ந்த பள்ளி என்று கருதி, எதிர்த்தோர் அப்பள்ளிக்குத் தீயிட்டனர். ஒரு சிறுமி பள்ளியில் அமர்வதை ஓர் ஊரே அஞ்சிய காலம் அது!

இன்று அதே மண்ணில், எக்குலத்துத் தாயும் தன் மகளுக்குச் சட்டை தைத்து உடுத்திப் பள்ளிக்கு அனுப்பலாம். அவள் கையிலுள்ள ஊசி மிகச் சிறியது. அவ்வூசி அவள் கைக்கு வந்து சேர்ந்த வழியோ மிக நெடியது. இதனை அறிந்து தைப்பவளுக்கு அவ்வேலை பாரமாகத் தோன்றுமோ?

இனி, தைப்பதில் உள்ள இன்பத்தைச் சிறிது ஆராய்வோம். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியினும் பலமுறை துவைத்துத் துவைத்து மென்மையுற்ற பழைய முண்டே ஏற்றது. முன்புறம் திறந்த சட்டையாக வெட்டி, பித்தானுக்கு மாறாக நாடா வைத்துத் தைப்பர். பித்தான் கழன்றால் குழந்தை வாயில் இட்டுக்கொள்ளும் அன்றோ? தையலின் ஓரம் மேனியில் உரசாதபடி அதனை வெளிப்புறமாகத் திருப்புவர். வளரும் பெண்குழந்தையின் பாவாடையில் இரண்டு மூன்று டக் பிடித்து வைப்பர். குழந்தை உயர உயர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவர். இவற்றுள் ஒவ்வொன்றும் குழந்தையின் துன்பத்தை அது நேரும் முன்பே எண்ணிப் பார்த்துச் செய்வதாகும். பிறர் துன்பத்தை முன்னறிந்து விலக்கும் இம்மனப்பாங்கையே நாம் கருணை என்கிறோம்.

தைக்கும்போது மனம் வேறிடம் சென்றால் ஊசி விரலில் குத்தும், தையல் கோணும். மனத்தை அழைத்து வந்து அடுத்த தையலில் நிறுத்த வேண்டும். மூச்சைக் கவனிக்கும் யோகியும் இதனையே செய்கிறான். இது பெண்டிர்க்கு மட்டும் உரிய வேலை என்று ஆடவர் ஒதுங்கவும் வேண்டா. பிக்கு வைத்துக்கொள்ளத்தக்க எட்டுப் பொருள்களுள் ஊசியும் ஒன்று. மழைக்கால வாசம் முடிந்தபின் கடினச் சீவரத்துக்கு அளிக்கப்பட்ட துணியைப் பிக்குகள் கூடி ஒரே நாளில் வெட்டி, தைத்து, சாயமிட்டு முடிப்பது மரபு. துறந்தோர்க்கு இழிவாகாத வேலை தந்தைக்கு மட்டும் எவ்வாறு இழிவாகும்?

துணியை வீணாக்காத ஒழுக்கத்தையும் விநய பிடகம் கற்பிக்கிறது. உதயண அரசனின் தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு வஸ்திரங்கள் அளித்தனர். இத்தனையும் எதற்கென்று அரசன் வினவினான். கிழிந்த சீவரம் உடைய பிக்குகளுக்குப் பகிர்வோம். பழைய சீவரம் விரிப்பாகும். பழைய விரிப்பு தரைவிரிப்பாகும். அதுவும் நைந்தபின் கால் துடைக்கவும், தூசி தட்டவும், இறுதியில் மண்ணொடு குழைத்துத் தரை மெழுகவும் உதவும் என்று ஆனந்தர் விடையிறுத்தார். அரசன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு அளித்தான். பாட்டியின் முண்டைப் பேரனின் சட்டையாக்கி, அச்சட்டை நைந்தபின் அடுப்படித் துணியாக்கும் நம் வீட்டுப் பெண்கள் அறியாமலே ஆனந்தரின் வழி நடப்பவராவர்.

கடையில் மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு எனச் சிலர் கேட்பர். வாங்குவது பாவம் என்று நாம் கூறவில்லை. வேலைக்குச் செல்லும் தாய்க்குப் பொழுது அரிது என்பதையும் அறிவோம். ஆனால் மலிந்த ஆடைக்குள்ளும் யாரோ ஒருத்தியின் கைகள் உள்ளன. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்தபோது, உலகெங்கும் விற்கும் ஆடைகளைத் தைத்துக்கொண்டிருந்த 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரே ஒரு சட்டையையாவது கையால் தைத்து முடித்தவள், அதற்குச் செல்லும் உழைப்பைத் தன் விரலாலே அறிவாள். பின்னர்க் கடையில் விலை பேசும்போது, காணாத அக்கைகளையும் அவள் மறக்கமாட்டாள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். என் குழந்தையின் சட்டையே அழகு, அடுத்த வீட்டுக் குழந்தையினதைக் காட்டிலும் அழகு என்னும் எண்ணம் எழுமாயின், அன்பு தைத்த இடத்தில் ஆணவம் பூவேலை செய்ததாகும். குழந்தையோ ஆறு மாதத்தில் அச்சட்டையைக் கடந்து வளர்ந்துவிடும். தோளில் இறுகி நிற்கும் சிறு சட்டையைக் கையில் ஏந்தும்போது தாய்க்குச் சிறிது ஏக்கம் உண்டாகும். அநித்தியம் என்று நாம் ஓதுவதைக் கண்முன்னே காட்டும் பாடம் அது. ஏக்கத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் சட்டையைப் பூச்சி அரிக்கும்; வேறொரு குழந்தைக்கு அளித்தால் அச்சட்டை மறுபடியும் பிறக்கும்.

ஆதலின், அன்பர்களே, நாம் வேண்டுவது ஒன்றே. இம்மழைக்காலத்தில் உங்கள் குழந்தைக்கு ஒரு சட்டை தையுங்கள். அது முடிந்ததும் ஊசியை உடனே பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அதே துணியில், அதே கவனத்தோடு, அதே நெருக்கமான தையலில், நீங்கள் பெறாத குழந்தை ஒன்றுக்கு இன்னொரு சட்டை தையுங்கள். கூலிவேலை தேடி நம் ஊருக்கு வந்த அயல்நாட்டாரின் குழந்தையாயினும் ஆகுக. தெருவில் பேச்சுவார்த்தை அற்றுப்போன வீட்டின் குழந்தையாயினும் ஆகுக. முதற் சட்டை அன்பினால் தைத்தது. இரண்டாவது சட்டையில் அவ்வன்பே அறமாகிறது. கோதமிக்குப் பகவர் காட்டிய வழி இதுவே.

உடையற்ற குழந்தை ஒன்றும் இல்லாத ஊர் உண்டாவதாக! எல்லா உயிர்க்கும் மங்களம் பெருகுக!