நோய்க்கு வினைமுதல் யார்?

திருச்சுழியில் திருமேனிநாதர் கோயிலுக்கு அருகேயுள்ள வீடொன்றில் 1879ஆம் ஆண்டு பிறந்து, பதினாறாம் வயதில் மதுரையைத் துறந்து அருணாசலம் சென்ற ரமண மகரிஷி, செய்பவன் நான் என்ற எண்ணம் உள்ளவரை செயலின் பலனை அனுபவித்தே ஆகவேண்டும் என்றும், அந்தச் செய்பவன் எவன் என்று உள்ளே தேடியவனுக்கு அவ்வெண்ணமும் கருமத்தின் கட்டும் ஒருங்கே அற்றுப்போகும் என்றும் ‘உள்ளது நாற்பது’ என்னும் நூலில் உபதேசிக்கிறார். ஆத்ம விசாரத்துக்காக எழுந்த அந்தக் கேள்வியை, அவர் பிறந்த மண்ணில் மேயும் ஆட்டு மந்தைகளுக்கு நடுவே நின்று, ஒரு கொள்ளைநோயைக் குறித்துக் கேட்டுப் பார்க்க எனக்கு நெடுநாளாக ஆசை. அது அவருடைய நோக்கமன்று என்பதை அறிவேன்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட மானாவாரிப் பூமியில், ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்த ஆண்டுகளில் சம்சாரிக்குக் கைகொடுப்பவை ஆடுகளே. அந்த மந்தையில் ஆட்டுக்கொல்லி நோய் புகுந்து, காய்ச்சலும் மூக்கொழுக்கும் வாய்ப்புண்ணும் கழிச்சலுமாக அடுத்தடுத்து ஆடுகள் சாயும்போது, அம்மனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்பார் ஊர்ப் பெரியவர். எல்லாம் பிராரப்தம் என்பார் சாஸ்திரம் கேட்டவர். வைரஸ் என்பார் கால்நடை மருத்துவர். ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றும் இம்மூன்று விடைகளும், கொடுமையின் கர்த்தாவை ஒரு தெய்வத்திடமோ ஓர் ஆத்மாவிடமோ ஓர் அணுவிடமோ வைத்துக் காட்டிவிட்டால் விசாரணை முடிந்தது என்று கருதுவதில் ஒன்றே. அப்படி முடிந்துவிடவில்லை என்பதற்கு விஞ்ஞானமே சாட்சி.

ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலங்களை மொட்டையடித்த முயல்களை ஒழிக்க 1950ஆம் ஆண்டு மிக்ஸோமா என்னும் வைரஸைப் பரப்பினார்கள். தொடக்கத்தில் அது பிடித்த முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மாண்டன. சில ஆண்டுகள் கழித்து ஃபிராங்க் ஃபென்னர் முதலிய விஞ்ஞானிகள் சோதித்தபோதோ, வேகம் ஓரளவு தணிந்த வகைகளே எங்கும் மிகுந்திருந்தன. ஏனெனில் முயலை உடனே கொன்ற வகை, கொசு தன்னை மற்றொரு முயலிடம் சேர்க்கும் அவகாசம் இல்லாமல், முயலோடு தானும் அழிந்தது. கருணைக்கு இதில் இடமில்லை. தூரத்துக்கு இடமுண்டு. தானியத்தைக் குடையும் அந்துப்பூச்சியின் புழுக்களை மைக் பூட்ஸ் என்னும் ஆய்வாளரும் அவருடைய சகாவும் இங்கிலாந்தில் வளர்த்து, சிலவற்றுக்கு இளகிய உணவையும் சிலவற்றுக்கு நகர்வதே அரிதான கெட்டியான உணவையும் இட்டுப் பல தலைமுறைகள் ஒரு வைரஸ் நோயைப் பரவவிட்டார்கள். அண்டைப் புழுவைத் தவிர வேறெதையும் எட்ட முடியாத இடத்தில் அந்த வைரஸின் தொற்றும் திறன் குறைந்துபோயிற்று என்று 2007இல் அறிவித்தார்கள். தன் சுற்றத்தை அவசரமாகத் தின்று தீர்த்த கிருமிக்கு அப்பால் போக வழியில்லை; எல்லாரும் எல்லாரோடும் கலக்கும் இடத்திலோ புதிய உடல்கள் வந்துகொண்டே இருப்பதால் அவசரக்காரனுக்கே ஆதாயம்.

இதைக் கேட்டுவிட்டு, காலம் போகப்போக நோய்கள் தாமே சாந்தமடையும் என்று ஆறுதல் கொள்வோர் ஏமாறுவார்கள். பெரியம்மை எத்தனையோ தலைமுறைகளுக்குப் பின்னும் பத்தில் மூவரைக் கொன்றது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 1994இல் ஒரு சிறுகுருவியினத்தின் கண்களைப் பற்றிய நோய் கண்டம் கடந்து மேற்குக் கரையை அடைந்தபோது சற்றுத் தணிந்திருந்தது, நடமாட வலுவுள்ள குருவிதானே நெடுந்தூரம் சுமந்து செல்லும் என்பதற்கு ஒப்ப. அங்கே நிலைகொண்ட பிறகு மறுபடியும் கடுமை ஏறிற்று. ஆகவே கொடுமை என்பது கிருமியின் நிலையான சுபாவமன்று. அது உயிர்களின் நெருக்கத்தாலும் நடமாட்டத்தாலும் கூடிக் குறைவது.

ஆட்டுக்கொல்லிக்கும் இதே கணக்கை அப்படியே பொருத்த நான் துணியவில்லை. ஆனால் அதன் பிரயாணம் பிரத்தியட்சம். 1942இல் ஐவரி கோஸ்டில் இனங்காணப்பட்ட அந்நோய், இந்தியாவில் முதன்முதலாக 1987இல் நம் விழுப்புரத்துக்கு அருகே அரசூரில் கண்டறியப்பட்டது. ஆட்டின் உடலுக்கு வெளியே நெடுநேரம் பிழைக்க மாட்டாத வைரஸ் அது. ஆகையால் அது கடக்கும் தூரமெல்லாம் நாம் ஆடுகளைக் கடத்திய தூரமே. தஞ்சைத் தரணியில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் என்னும் ஆட்டிடையர்கள் நடத்திச் செல்லும் மந்தையும், எட்டையபுரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் கைமாறி லாரியேறும் ஆடும் அதற்குப் பாதை.

நடமாட்டத்துக்கு எல்லை போடும் வழக்கமும் நம்மிடம் இல்லாமலில்லை. மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரார் வெளியூரில் இராத்தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இப்பக்கத்துக் கிராமங்களில் உண்டு. இதைச் சுகாதார சாஸ்திரம் என்று மெச்சுகிறவர்களின் உற்சாகத்தில் எனக்குப் பங்கில்லை; திருவிழாவே பெருங்கூட்டத்தைச் சேர்ப்பதுதானே! ஆயினும் துன்பத்தைத் தனியொருவன் பாவமாக்காமல் ஊர் எல்லையின் காரியமாக்கிய அந்த மனப்பாங்கு, தனித்தனி ஜீவனுக்குத் தனித்தனிக் கணக்கெழுதும் கர்ம சித்தாந்தத்தைவிட உண்மைக்குச் சமீபமானது என்பது என் அபிப்பிராயம்.

ஏனெனில் இங்கே செய்பவர் பலர், அனுபவிப்பவர் வேறொருவர். நாலு வெள்ளாட்டை நம்பிப் பிழைக்கும் கைம்பெண் சந்தையைக் கூட்டவுமில்லை, லாரியை ஓட்டவுமில்லை. கீதாரியையும் குற்றஞ்சொல்ல முடியாது. சொந்த ஊரில் மழையிருந்தால் அவர் ஏன் ஊர் ஊராக நடக்கிறார்? நகரத்தில் கறி வாங்கும் நானும் அந்த வினையில் ஒரு பங்காளி. இத்தனை பேருக்கும் பொதுவான வினையை, ஆடிழந்தவளின் முற்பிறப்பில் ஏற்றிவைப்பது அதர்மம்.

அரசூரில் எடுத்த அதே வைரஸைப் பக்குவப்படுத்தித் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி செய்தது. ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகளேனும் காக்கும். 2030க்குள் இந்நோயை உலகிலிருந்தே ஒழிப்பதாக நாடுகள் சங்கற்பம் செய்திருக்கின்றன. கால்நடைத் துறையினர் கிராமத்தில் முகாம் போட்டுக் காத்திராமல், கிடை கிளம்புமுன் கீதாரியைத் தேடிச் சென்றும், சந்தைக்கு ஆடு வருமுன்னும் அந்த ஊசியைப் போட வேண்டும்.