யாருடைய உழைப்பில் எமது ஓய்வு?

சம்பளத்திற் பாதியைச் சேமி. சேமித்ததைப் பங்குகளில் இடு. முப்பத்தைந்து, நாற்பது வயதில் வேலையை விட்டு வெளியேறு. பின்னர் அப்பங்குகளின் வருவாயில் வாழ். ஐக்கிய அமெரிக்காவின் மத்தியதர உத்தியோகத்தரிடையே பரவியுள்ள கொள்கை இது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் 'நெருப்பு' எனப் பொருள்படும் சொல்லைத் தருகின்றன. ஆங்கிலம் வாசிக்கும் எமது இளைஞரிடமும் இந்நெருப்பு வந்து சேர்ந்துவிட்டது. இதனை நகைத்து ஒதுக்குவது எளிது. ஆராய்ந்து பார்ப்பதே எமக்கு முறை.

இக்கொள்கையின் முன்னோடிகளுள் ஒருவர் ஜோ டொமிங்குவெஸ். நியூயோர்க்கின் பங்குச் சந்தைத் தெருவிற் பணியாற்றிய அவர் 1969இல், 31 வயதில், ஓய்வு பெற்றார். 1992இல் விக்கி றொபின் என்பாருடன் இணைந்து அவர் எழுதிய நூல், பணத்தை வாழ்நாளின் மணித்தியாலங்களாக எண்ணிப் பார்க்கக் கற்பித்தது. 1845 முதல் 1847 வரை வோல்டன் குளக்கரையிற் குடிசை கட்டி வாழ்ந்த தோறோ கண்ட உண்மையும் இதற்கு அண்மையானதே. 1994இல் வில்லியம் பெங்கன் என்னும் நிதி ஆலோசகர், 1926 முதலான அமெரிக்கச் சந்தைத் தரவுகளை ஆராய்ந்தார். முதலாண்டில் நூற்றுக்கு 4 வீதத்தை எடுத்து, பின்னர் விலையேற்றத்துக்கு ஏற்ப அத்தொகையை உயர்த்திச் செலவிட்டாலும் முதல் 30 ஆண்டுகளுக்கு நின்றுபிடிக்கும் என்பது அவர் முடிவு. ஆகவே ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்ந்தால் போதும் என்றாயிற்று.

எஞ்சியது வெறுங் கணக்கே. விலையேற்றம் போக ஆண்டுக்கு 5 வீத ஆதாயம் எனக் கொண்டால், வருமானத்தில் நூற்றுக்கு 10 வீதம் சேமிப்பவன் ஓய்வு பெற 51 ஆண்டுகள் உழைக்க வேண்டும். 50 வீதம் சேமிப்பவனுக்கு 17 ஆண்டுகள் போதும்.

இவ்விளைஞரின் வேட்கையிலே நியாயம் உண்டு. தமது நேரம் தமதன்று என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர். விளம்பரங்கள் விரிக்கும் வலையில் விழ மறுக்கின்றனர். ஓய்வை நாடுவது குற்றமெனில், 1886இல் எட்டு மணி நேர வேலைக்காகச் சிக்காகோவிற் போராடிய தொழிலாளரும் குற்றவாளிகளே. மார்க்ஸின் மருமகனாகிய போல் லபார்க் 1880இல் சோம்பியிருக்கும் உரிமையைக் கோரி எழுதியதையும் நாம் மறத்தலாகாது.

ஆயின், பாதிச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க வல்லவர் யார்? மலையகத்திற் கொழுந்து கொய்யும் பெண்ணிடம் சிக்கனத்தைப் போதிக்க எவருக்கேனும் நா எழுமா? அவள் பிறந்த நாள் தொட்டே சிக்கனமாகத்தான் வாழ்கிறாள். தேவைக்கு மேல் ஊதியம் பெறுபவனுக்கே சிக்கனம் செல்வமாக மாறும். மற்றவர்க்கு அது அரைவயிற்றின் மறுபெயர்.

இதனினும் ஆழமான கேள்வி ஒன்றுண்டு. பணம் தானாகக் குட்டி போடுவதில்லை. பங்குக்குக் கிடைக்கும் இலாபம் எங்கோ ஒருவர் உழைப்பிலிருந்து வருகிறது. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்திலே எம் சகோதரிகள் தைக்கும் ஆடைகள் அமெரிக்கக் கடைகளில் விற்பனையாகின்றன. அவர்தம் கூலி குறைந்தால் இலாபம் கூடும். இலாபம் கூடினால் ஓய்வு பெற்றவனின் பங்கு விலை ஏறும். நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவனின் நலன் இன்று தொழிலாளியின் நலனுக்கு எதிராக நிற்கிறது. அவன் கொடியவனல்லன், அவன் நிற்கும் இடம் மாறிவிட்டது.

எல்லோரும் இவ்வழியைப் பின்பற்றினால் என்னாகும்? எல்லோரும் செலவைப் பாதியாக்கினால் கம்பனிகளின் விற்பனை வீழும். எல்லோரும் நாற்பதில் விலகினால் ஈவுத்தொகை ஈட்டித்தர ஆளிருக்காது. பலர் உள்ளே இருப்பதனாலேயே சிலர் வெளியேற முடிகிறது. எல்லோருக்கும் பொருந்தாத விடுதலையை விடுதலை என்பது எங்ஙனம்? அது சலுகையே.

இங்கே எம்மை நோக்கியும் ஒரு விரல் நீளும். அரச ஆசிரியரின் ஓய்வூதியம் வரிப்பணத்திலிருந்து வருகிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியின் பெரும்பகுதி அரச முறிகளில் இடப்பட்டுள்ளது. அதற்கான வட்டியும் வரிப்பணமே. கடையிற் பொருள் வாங்கும் ஏழையும் அவ்வரியைச் செலுத்துகிறான். அவ்வாறாயின் நாமும் பிறர் உழைப்பில் உண்பவரல்லவா?

ஆம், உண்பவரே. ஆனால் பிறர் உழைப்பில் உண்பது மட்டுமே குற்றமாகாது. குழந்தையும் முதியவரும் நோயாளியும் எந்தச் சமுதாயத்திலும் அவ்வாறே வாழ்கின்றனர். எந்த உரிமையால் உண்கிறோம் என்பதே கேள்வி. தேவையாலும், முறைவைத்து வரும் வயதாலும் பெறுவது ஒன்று. உடைமைப் பத்திரத்தாற் பெறுவது வேறொன்று. முன்னையதை எல்லோருக்கும் விரிக்கலாம். பின்னையது சிலரோடு நின்றே தீரும். எமது ஓய்வூதியமும் இன்னும் எல்லோரையும் சென்றடையவில்லை. வாழ்நாளெல்லாம் நாட்கூலிக்கு உழைத்தவனுக்கு அது கிட்டாதிருக்கும் வரை எமக்கும் மனநிறைவு கொள்ள உரிமையில்லை.

தனித்துச் சேர்த்த பணம் தனித்துக் காக்குமா என்பதற்கு எமது நாடே விடை கூறியுள்ளது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி ஓராண்டிற்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்தவரின் வங்கிப் புத்தகத்தில் இலக்கம் அப்படியே இருந்தது. அதன் பெறுமதி கரைந்து போயிற்று. 2023இல் அரசு உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது சேமலாப நிதியின் முறிகளும் அதற்குட்பட்டன. ஊர்க் குளம் வற்றினால் வீட்டுக் கிணறு எத்தனை நாள் ஊறும்?

ஆகவே எம் இளைஞருக்கு நாம் கூறுவது இதுவே. போதும் என்ற அளவை அறிந்துகொள்ளுங்கள். கடன்பட்டு ஆடம்பரம் தேடாதீர்கள். உங்கள் நேரத்தை மீட்க விரும்புவதும் நன்றே. ஆனால் மீட்ட நேரத்தோடு தனியே வெளியேறிவிடாதீர்கள். அதிற் சில மணித்தியாலங்களைத் தொழிற்சங்கத்துக்கும், குறைந்த வேலை நேரத்துக்கான போராட்டத்துக்கும், அனைவருக்குமான ஓய்வூதியக் கோரிக்கைக்கும் கொடுங்கள். கட்டுநாயக்கவிலே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவளும் ஒருநாள் களைப்பின்றி வீடு திரும்ப வேண்டும். அவள் ஓய்வை விலையாகக் கேளாத ஓய்வே எமது ஓய்வாகட்டும்.