புதுச் செயினின் சத்தம்

"செயின் நீண்டுடுச்சு சார், மாத்திடலாம்" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஆனால் செயின் ரப்பர் மாதிரி இழுபட்டு நீள்வதில்லை. அதன் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். இரண்டும் உரசி உரசித் தேய்கின்றன. ஒரு மூட்டில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. நூறு மூட்டுகள் அப்படித் தேய்ந்தால் செயின் ஒரு சென்டிமீட்டர் கூடிவிடும். நாம் நீளம் என்று அளப்பது அத்தனை மூட்டுகளின் இழப்பைக் கூட்டிய கணக்கு.

செயின் தேயும்போது அது ஏறி ஓடும் ஸ்ப்ராக்கெட்டின் பற்களும் தேய்கின்றன. நிமிர்ந்து நின்ற பல் ஒரு பக்கமாக வளைந்து கொக்கி மாதிரி ஆகிறது. வேடிக்கை என்னவென்றால், பழைய செயினும் பழைய பற்களும் ஒன்றுக்கொன்று பழகிப்போய், பெரிய தொந்தரவு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பற்களின் மேல் ஒரு புதுச் செயினைப் போட்டுப் பாருங்கள். அளவு சரியாக இருக்கிற அதுதான் அங்கே பொருந்தாது. பாரம் எல்லாப் பற்களுக்கும் பரவாமல் ஒன்றிரண்டின் மேல் விழும், கொக்கியில் ரோலர் சிக்கிச் சிக்கி விடுபடும், சத்தம் வரும். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "புதுச் செயின் சரியில்லைப்பா. பழசு எவ்வளவு அமைதியா ஓடுச்சு!"

இந்த வசனத்தை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். கல்யாணமாகி வந்த பெண்ணிடம் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லும் வீடுகளில். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஃபைலைப் படித்துப் பார்க்கும் புது ஊழியரை "இவன் வந்ததுல இருந்துதான் பிரச்சனை" என்று சொல்லும் அலுவலகங்களில். சத்தம் புதியவரிடமிருந்து வருகிறது என்பது உண்மை. சத்தத்தின் காரணமும் அவர்தான் என்பது நாமாகச் சேர்த்துக்கொண்ட முடிவு. கொஞ்ச நாளில் அவரும் தேய்ந்து அந்த வளைவுக்குப் பழகிவிடுவார். அமைதி திரும்பிவிடும். "இப்போ செட் ஆயிட்டாங்க" என்போம்.

அதனால்தான் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது ஒர்க்‌ஷாப் விதி. கேட்க எளிது. பழைய புல்லட்டில் செய்து பார்த்தால்தான் அதன் விலை தெரியும். திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த அந்த நாலு கியர் வண்டிகளில் முன் ஸ்ப்ராக்கெட் க்ளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைத் தொட வேண்டுமென்றால் ஆயிலை வடித்து, பக்கத்து மூடியைக் கழற்றி, க்ளட்ச், பிரைமரி செயின் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். "முன்னாடி விட்டுடலாம் சார், யாருக்குத் தெரியப் போகுது" என்ற பேச்சு அங்கேதான் வரும். ஆனால் அதிகம் தேய்வது அந்தச் சின்னச் சக்கரம்தான். பின்னால் இருப்பதற்கு 38 பற்கள், முன்னால் அதில் பாதிகூட இல்லை. பின்சக்கரத்தின் ஒரு பல் ஒரு முறை பாரம் சுமக்கும் நேரத்தில் முன்சக்கரத்தின் பல் இரண்டு முறைக்கு மேல் சுமக்கிறது. கண்ணில் படும் இடத்தை மாற்றிவிட்டுச் சீர்திருத்தம் என்று பெயர் வைப்பதில் உள்ள பொய் இதுதான்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா? என் தொழிலில் இந்த ஆசை அடிக்கடி வரும். பழைய கோடைப் பார்த்ததும் "முழுசா திரும்ப எழுதிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். புல்லட் அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்த வண்டிகளின் பின் ஸ்ப்ராக்கெட், பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பு. பல் தேய்ந்தால் நன்றாக இருக்கும் டிரம்மும் சேர்ந்து போக வேண்டும். எந்தக் குற்றமும் செய்யாத பாகம். இதற்காகவே சில லேத் பட்டறைகளில் தேய்ந்த பற்களை மட்டும் சீவி எடுத்துவிட்டு, புதிய பல் வளையத்தை டிரம்மில் பொருத்திக் கொடுப்பார்கள். புதுசு வாங்குவதைவிட நேரம் பிடிக்கும் வேலை. எது தேய்ந்தது, எது தேயவில்லை என்று முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்றுகிறேன் என்பவரும், எல்லாவற்றையும் உடைக்கிறேன் என்பவரும் தவிர்த்துவிடும் வேலை அதுதான்.

இந்த உவமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. ஸ்ப்ராக்கெட்டை நாம் குறை சொல்ல முடியாது. சுமந்ததால் வளைந்தது, தான் ஒரு காலத்தில் நேராக இருந்தது அதற்குத் தெரியாது. மனிதர்கள் அப்படியில்லை. மருமகளை அனுசரிக்கச் சொல்லும் மாமியாரும் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் புதுசாக வந்தவர்தான். அன்று தன்னிடமிருந்து எழுந்த சத்தம் அவருக்கு நினைவிருக்கும். அந்தப் புது ஊழியரைச் சலித்துக்கொள்ளும் மேலதிகாரிக்கும் அப்படியே. இரும்பை மாற்றத்தான் முடியும். நினைவிருக்கிறவரிடம் கேட்கலாம்: உங்களைத் தேய்த்ததையே இவருக்கும் செய்யணுமா?

இதை யாரும் கேட்காத வீடுகள்தான் வெளியிலிருந்து பார்க்கும்போது ரொம்ப அமைதியாக இருக்கின்றன.