காது ஒரு அளவுகோல்

அமெரிக்கக் காடுகளில் மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் காமிரா, உடற்சூடுள்ள ஏதாவது எதிரே அசைந்தால் தானாகவே படமெடுத்துக்கொள்கிறது. வேட்டைக்காரன் அப்போது அங்கே இல்லை. பிறகு வீட்டில் உட்கார்ந்து, படத்தில் விழுந்த வெண்வால் மானின் கொம்பு எத்தனை அங்குலம் என்று கணக்குப் போடுகிறான். படத்தில் அளவுகோல் கிடையாது. எனவே மானின் உடம்பையே அளவுகோலாக்கிக்கொள்கிறான். விறைத்து நிற்கும் காதுகள் நுனிக்கு நுனி ஏறக்குறைய 16 அங்குலம்; கண்ணின் சுற்றளவு சுமார் 4 அங்குலம். கொம்பு காது நுனியைத் தாண்டிப் பக்கத்துக்கு 2 அங்குலம் போனால் விரிவு 20. வேட்டைக்காரன் வருவதை எந்தக் காதால் கேட்டு, எந்தக் கண்ணால் கண்டு மான் தப்பவேண்டுமோ அதே காது, அதே கண். (இதைக் கவித்துவமாக்க எனக்கு விருப்பமில்லை. தவிர்க்கவும் முடியவில்லை.)

படம் ஏமாற்றும். லென்ஸுக்கு அருகில் நீண்ட கிளை பெரிதாகத் தெரியும். கோடையில் கொம்பைப் போர்த்தியிருக்கும் மயிர்த்தோல் பருமனைக் கூட்டிக் காட்டும். நேர்ப்பார்வையில் முன்வளைவு மறையும். பக்கவாட்டில் விரிவு மறையும். சுட்டு வீழ்த்தி அருகே போய்ப் பார்த்தால் கொம்பு நினைத்ததைவிடச் சிறிதாயிருக்கும். இதைத் 'தரைச் சுருக்கம்' என்று வேட்டைக்காரர்கள் சொல்கிறார்கள். செத்த பிறகும் மான்தான் சுருங்கிற்றாம்.

சாதாரணமாக ஒரு அனுமானத்தைச் சோதித்த பிறகும் சோதிக்கப்பட்ட பொருள் அங்கேயே இருக்கும். இங்கே சோதனை பொருளை இல்லாமலாக்கிவிடுகிறது. ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் 1950இல் வகுத்த அளவுமுறைப்படி, கொம்பு 60 நாள் உலரவேண்டும். தண்டு, கிளைகள், சுற்றளவுகள், உட்பக்க விரிவு எல்லாவற்றையும் எட்டில் ஒரு அங்குலம் வரை துல்லியமாகக் கூட்டுகிறார்கள். இடமும் வலமும் ஒவ்வாவிட்டால் வித்தியாசத்தைக் கழிக்கிறார்கள்.

மறுப்பு ஒன்று உண்டு. ஆண் மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கிறது. குளிர்காலம் கழியும் வரை பொறுத்திருப்பவன் அதைப் பொறுக்கியெடுத்து நாடாவால் அளக்கலாம், ரத்தமில்லை. ஆனால் உதிர்ந்த இரண்டும் தனித்தனியாகக் கிடக்கும். அவற்றின் இடையே இருந்த விரிவைப் பிடித்துவைத்திருந்தது மண்டையோடு. மற்ற எண்களெல்லாம் கிடைத்துவிடும், இந்த ஒன்று மட்டும் ஊகமாகவே நிற்கும். இந்த ஒரு எண்ணின் நிச்சயமின்மையை ஒருவனால் சகிக்கமுடியுமா என்பதுதான் எனக்குப் பிரச்சினையாகப் படுகிறது. இறைச்சிக்காகச் சுடுபவனோடு எனக்கு வழக்கில்லை. அவனுக்குக் காது நுனி தேவைப்படுவதில்லை.

ஊகம் உயிரைக் காப்பதும் உண்டு என்பார்கள். சின்னக் கொம்பு, இளவயது என்று படத்திலேயே கண்டு விட்டுவிடுகிறார்கள். உண்மைதான். கருணை என்றே முதலில் எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் போகட்டும், வளரட்டும் என்று அதே மூச்சில் சொல்வதைக் கேட்ட பிறகு, வட்டிக்கு விட்ட பணத்தின் ஞாபகம் வந்தது.

மான் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி காட்டில் கம்பி கட்டிவைத்தவர் ஜார்ஜ் ஷைராஸ். அவருடைய படங்கள் 1906இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வந்தன. அவர் துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுத்தவர்.

இதை எழுதும்போது என் மேஜைமேல் ஒரு இரவுப் படம் கிடக்கிறது. மான் காமிராவை நேராகப் பார்க்கிறது. கண்கள் வெள்ளையாக எரிகின்றன. என் பார்வை தானாகவே காது நுனிக்குப் போயிற்று. வெளியே 3 அங்குலம் இருக்கும்.